பரிசக்காவுக்கு விழுந்த ஐந்து கோடி

பரிசக்கா வீட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு நேரம் குழம்பிப்போகும். கூடத்தில் மூன்று சுவர்க் கடிகாரங்கள் மாட்டியிருக்கும். ஒன்று டீத்தூள் கம்பெனி கொடுத்தது, இன்னொன்று பற்பசைக்காரர்கள் கொடுத்தது, மூன்றாவது எதற்குக் கிடைத்தது என்பது அவளுக்கே மறந்துவிட்டது. மூன்றும் மூன்று நேரம் காட்டும். எது சரி என்று கேட்டால், "எல்லாமே சரிதான், எல்லாமே ஜெயிச்சதுதான்" என்பாள்.

கடிகாரம் மட்டுமா? குக்கர், சைக்கிள், மடக்குக் குடை, யாருக்கும் அளவு சேராத மழைக்கோட்டு, ஒருமுறை ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு பேருக்கு இலவசச் சாப்பாடு. எல்லாம் போட்டிகளில் வென்றவை. 'எங்கள் சலவைத்தூளைப் பற்றி ஒரே வரியில் எழுதுங்கள்' என்று எங்காவது ஒரு பொட்டலத்தின் பின்னால் அச்சடித்திருந்தால் போதும், எழுதி அனுப்பிவிடுவாள். "கறைக்கு இடமில்லை, கைக்கு வலியில்லை." அந்தச் சைக்கிள் இந்த வரிக்குத்தான் வந்தது. வந்த அன்று அவளுக்கு வாயெல்லாம் பல். மாடி மாடியாக ஏறி எல்லோரிடமும் சொன்னாள். தற்பெருமையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் யாராவது அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால் மட்டும் கோபம் வந்துவிடும்.

"அதிர்ஷ்டமா? உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதறேன். பத்து அனுப்பினா ஒண்ணு வருது. வராத ஒம்பதை நீங்க யாராச்சும் வந்து பாத்தீங்களா?"

இருந்தாலும் எங்கள் கட்டடத்தில் அவள் அதிர்ஷ்டக்காரிதான். பரிசக்கா என்ற பெயரும் அப்படித்தான் நிலைத்தது.

நான் அவளுக்குக் கீழ் மாடியில் குடியிருக்கிறேன். வேலையும் ஒரே இடத்தில்தான். ஓர் ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடம். மேலே அறைகளில் விருந்தாளிகள் கசக்கிப்போட்ட படுக்கை விரிப்பெல்லாம் வண்டி வண்டியாகக் கீழே வரும். துவைத்து முடிந்ததும், ஆள் உயரத்துக்கு ஒரு உருளை இஸ்திரி மெஷின் இருக்கிறதே, அதில் விரிப்பை விடுவது எங்கள் இருவரின் வேலை. ஆளுக்கு ஒரு பக்கம் இரண்டு மூலைகளைப் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, உருளையின் வாயில் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு போய்விடும். ஆவியும் பிளீச்சிங் பவுடர் வாசனையும் கண்ணைக் கரிக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அவள் குரல் தனியாகக் கேட்கும்.

அவளுடைய வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். நாங்கள் டிரைவர் மாமா என்போம். அதிகம் பேசாத மனிதர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கி, வீட்டுப் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். அதற்குள் இரண்டு துணி துவைக்கும் மெஷின் வாங்கி, சொந்தமாக ஒரு சலவைக்கடை போட்டுவிட வேண்டும் என்று இருவரும் வாயைக்கட்டி வயிற்றைக்கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையில் மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான். கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, உடைந்த திரைக்குப் புதுக் கண்ணாடி ஒட்டித் தருவது. இப்போது போட்டிகளெல்லாம் மின்னஞ்சலுக்கு மாறிவிட்டதால், அக்காவுக்கு ஒரு முகவரி உண்டாக்கிக் கொடுத்தவன் அவன்தான். கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும். அக்காவுக்கு வரும் கடிதங்களை அவள் பார்ப்பதற்கு முன் அவன் பார்த்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அடுத்த நாள் சலவைக்கூடத்தில் அந்தக் காட்சியை அக்கா எனக்கு மூன்று குரலில் நடித்துக் காட்டினாள்.

"அக்கா! எந்திரி! கையைக் கழுவு! அஞ்சு கோடி விழுந்திருக்கு!"

"எங்கடா விழுந்துச்சு? யார் மேல?"

"உன் பேர்ல! உலக மின்னஞ்சல் குலுக்கல். முதல் பரிசு. உலகத்துலயே உனக்கு மட்டும்தான்!"

டிரைவர் மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தம்பி போனைப் பார்த்துப் படித்தான்: "அன்புள்ள அதிர்ஷ்ட வெற்றியாளரே, உங்கள் மின்னஞ்சல் ஐந்து கோடியை வென்று கொண்டது. இதை மிகவும் இரகசியத்தில் வைத்திருக்கவும். உங்கள் உரிமையைக் கோர உடனே விரைந்து அவசரப்படவும்."

"இன்னொரு தடவை படி" என்றாள் அக்கா.

படித்தான். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"'விரைந்து அவசரப்படவும்'! இந்த வரியை நான் போட்டிக்கு அனுப்பியிருந்தா ஆறுதல் பரிசுகூடக் கிடைச்சிருக்காதுடா. சரி, நான் எப்போ இதுல சேர்ந்தேன்?"

"நீ சேரவே வேண்டாங்கா. உலகத்துல இருக்கற முகவரியெல்லாம் போட்டுக் குலுக்கி எடுத்தாங்களாம்."

"சேராத போட்டியில எனக்கு ஒரு நாளும் பரிசு வந்ததில்ல. என் பேர் போட்டிருக்கானா பாரு. இல்ல. வெற்றியாளரேன்னு பொதுவா எழுதியிருக்கான். எனக்குப் பரிசு குடுத்தவன் எவனும் என் பேரை மறந்ததில்ல. தப்பா எழுதியிருக்கான், ஆனா எழுதியிருக்கான். அனுப்பினவன் முகவரி என்ன? கம்பெனி பேராவது இருக்கா? ஏதோ நாலு எழுத்தும் நம்பரும். இதெல்லாம் போகட்டும், ரகசியமா வச்சுக்கன்னு சொல்றானே, அங்கதான் இடிக்குது. அந்தக் குடையைக் குடுக்கறப்ப என்னை நடுவுல நிறுத்தி அஞ்சு பேர் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. கம்பெனிக்காரன் பரிசு குடுக்கறதே ஊருக்குச் சொல்லிக்கத்தான். குடைக்கே அப்படின்னா, அஞ்சு கோடி குடுக்கறவன் எதுக்குடா வாயை மூடிக்கச் சொல்றான்?"

தம்பி முகம் சுருங்கிவிட்டது. மாமா மட்டும் மெதுவாக வாயைத் திறந்தார்.

"ஒருவேளை..."

"ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. சாப்பிடுங்க. டேய், அதை அழிச்சுட்டு நீயும் உக்காரு."

அவன் உட்கார்ந்தான், சாப்பிட்டான். ஆனால் அழிக்கவில்லை. அதோடு, கீழே இறங்கும்போது முதல் மாடியில் ஒருவரிடமும், தரைத்தளத்தில் ஒருவரிடமும், வாசலில் மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லிவிட்டும் போனான்.

அந்த வாரம் முழுக்க அக்கா பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். வேறு யாருக்காவது இப்படிக் கடிதம் வந்திருந்தால் ஜனங்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். பரிசக்காவுக்கு வந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவளுக்கு விழாமல் வேறு யாருக்கு விழும்? பொய்க் கடிதம் என்று அவள் சொல்லச் சொல்ல, "பாத்தியா, எப்படி மறைக்கறா" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் மீதிச் சில்லறையை இரண்டு கையாலும் கொடுத்தார். எங்கள் மேற்பார்வையாளர், "வேலையை விடறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடும்மா" என்றார். தரைத்தளத்தில் குடியிருக்கும் தையல்காரம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல், அக்கா படியேறும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் விரிப்பை மெஷினுக்குள் விட்டுக்கொண்டே அக்கா திடீரென்று கேட்டாள்.

"ஏன்டி, அஞ்சு கோடின்னா எத்தனை சைபர்?"

நான் காற்றில் எழுதி எண்ணுவதற்குள் அவள் பக்கத்து மூலை முந்திவிட்டது. விரிப்பு கோணலாகப் போய் மறுபக்கம் கசங்கி விழுந்தது. இத்தனை வருடத்தில் அவள் கையில் அப்படி ஆனதை நான் பார்த்ததில்லை.

"கழுதை மனசு, எங்க போகுது பாரு" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை மறுபடி ஈரமாக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு முழங்காலை நினைச்சேன், வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் அதற்குள் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது. தம்பி அக்காவின் பெயரில் பதில் போட்டுவிட்டான். பெயர், முகவரி, அடையாள அட்டையின் படம், அவளுடைய போன் நம்பர், மாமாவுடைய நம்பர், எல்லாவற்றையும் கேட்ட மாதிரியே அனுப்பினான். மறுநாளே தங்க நிற முத்திரையோடு ஒரு சான்றிதழ் வந்தது. அதைக் கலரில் அச்செடுத்துக்கொண்டு பேருந்துப் பணிமனைக்குப் போய் மாமாவிடம் காட்டினான். மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டாராம். வெகு நேரம் பார்த்தாராம். பரிமாற்றக் கட்டணம் என்று ஒரு தொகையை முன்னால் கட்ட வேண்டும் என்றும், இந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் அதில் எழுதியிருந்தது. தொகை ஏறக்குறைய இரண்டு மெஷின் விலை.

"உங்க அக்காகிட்ட சொல்ல வேண்டாமா?" என்று மாமா கேட்டார்.

"பணம் கைக்கு வந்ததும் சொல்லிக்கலாம் மாமா. அப்புறம் அவ எதுக்குத் திட்டப்போறா?"

வியாழக்கிழமை காலை. மேசைவிரிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. அக்காவின் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால், ஒலிபெருக்கியில் போட்டு மெஷின் ஓரத்தில் வைக்கச் சொன்னாள். தேன் தடவிய குரல்.

"மேடம், வாழ்த்துகள். உலக மின்னஞ்சல் குலுக்கலிலிருந்து தலைமை அதிகாரி பேசறேன். உங்க கட்டணம் இன்னைக்குள்ள வந்துட்டா நாளைக்கே உங்க கணக்குல அஞ்சு கோடி ஏறிடும்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஒரு சின்ன உதவி. அந்தக் கட்டணத்தை அஞ்சு கோடியிலயே கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்பிடுங்களேன். உங்களுக்கும் வேலை மிச்சம், எனக்கும் வேலை மிச்சம்."

"அது... அதுக்கு சட்டத்துல இடமில்ல மேடம்."

"உங்க டீச் செலவுக்கும் சேத்து எடுத்துக்கோங்க சார். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தக் குரலில் இருந்த தேன் வடிந்துவிட்டது.

"விளையாடாதீங்க மேடம். உங்களுக்குப் பொறுப்பில்லைன்னாலும் உங்க வீட்டுக்காரருக்கு இருக்கு. இப்பதான் பேசினாரு. பணத்தோட பேங்க்ல நிக்கறாரு."

சிரிப்பு சட்டென்று நின்றது. அக்கா போனை வெடுக்கென்று எடுத்து அழைப்பைத் துண்டித்தாள். மாமாவுக்குப் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள். அவனும் எடுக்கவில்லை. மறுபடி மாமாவுக்கு.

"வாடி" என்றாள் என்னிடம். அவ்வளவுதான். இடுப்பில் கட்டியிருந்த முன்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

பின்வாசலில் எங்கள் சலவை வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் எதுவும் விளக்காமல் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, "பேங்க்குக்கு விடுப்பா" என்றாள். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், கேள்வி கேட்காமல் விட்டார். வழியில் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் அக்காவின் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

வங்கிக்குள் வரிசை நீளமாக இருந்தது. டிரைவர் மாமா சீருடையில், முழங்காலைத் தேய்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி கவுன்ட்டரில் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "இது யாருக்கு அனுப்பறீங்க? தெரிஞ்சவங்களா?"

"சொந்தக்காரங்க மேடம்" என்றான் தம்பி. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அந்தக் குரல்காரன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அக்கா கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கவுன்ட்டர் பெண்ணிடம், "அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைம்மா, அது என் பணமும்தான்" என்று மட்டும் சொன்னாள். பிறகு மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க, நான் சண்டை போட வரல. ஒரே ஒரு போன் பேசுங்க. பேசின பிறகும் அனுப்பணும்னு தோணுச்சுன்னா அனுப்புங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"என்ன பேசணும்?"

"டிக்கெட் நம்பர் சரியான்னு கேளுங்க. உங்க பஸ் நம்பரைச் சொல்லுங்க."

 மாமா போனை எடுத்து அழைத்தார். அவளே ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள்.

"சொல்லுங்க சார், கட்டணம் போட்டாச்சா?"

"இதோ போடறேன் சார். அதுக்கு முன்னாடி டிக்கெட் நம்பரை ஒரு தடவை சரிபாத்துக்கலாமான்னு. நாலு, ஏழு, ஒண்ணு, ஒம்பது."

தட்டச்சு செய்வது போல டக் டக் என்று ஒரு சத்தம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதேதான் சார்! நாலு ஏழு ஒண்ணு ஒம்பது. என் கண் முன்னால இருக்கு. உலகத்துலயே ஒரே டிக்கெட். வாழ்த்துகள்!"

 சொந்தமாக ஒரு கடை, உட்கார்ந்து பார்க்கிற வேலை, வலிக்காத முழங்கால் என்று அந்த வாரம் முழுக்க மாமா மனதுக்குள் கட்டிய எல்லாம் அந்த வாழ்த்துகளோடு இறங்கிப்போவதை அவர் முகத்தில் பார்க்க முடிந்தது. போனை வாயருகில் கொண்டுபோனார்.

"தம்பி, அது நான் வருஷக்கணக்கா ஓட்டற பஸ்ஸோட நம்பர்."

மறுமுனையில் அந்த டக் டக் நின்றது. பிறகு அந்தக் குரல் கொஞ்சமும் கூசாமல் சொன்னது:

"அப்படியா சார்? பஸ்ஸும் குலுக்கல்ல சேர்ந்திருக்கு."

வரிசையில் முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. அடுத்த நொடி வங்கி முழுக்கச் சிரித்தது. வாசல் காவலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா எழுந்து நின்று போனை வாங்கினாள். இடுப்பில் ஒரு கை.

"அப்ப அஞ்சு கோடியை பஸ்ஸுக்கே அனுப்பிடுங்க சார். டிப்போ முகவரி தரவா? டீசல் போட உதவும்!"

தொடர்பு அறுந்தது. யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். மாமாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கவுன்ட்டர் பெண் மட்டும் சிரிக்காமல் தம்பி நீட்டியிருந்த விவரத்தை மறுபடி பார்த்தாள். அதே கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லி அன்று காலையிலும் ஒருவர் வந்துபோயிருந்தார். உடனே உள்ளே போய் மேலாளரை அழைத்துவந்தாள். காலையில் வந்தவர் அனுப்பிய பணம் இன்னும் கை மாறியிருக்கவில்லை, அதை நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டையின் படம் அந்த ஆட்களிடம் போயிருப்பதையும் மேலாளர் குறித்துக்கொண்டார். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம். புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மாற்றினாள் அக்கா. புதுச் சொல்லைத் தம்பி எட்டிப் பார்க்க, கையால் மறைத்துக்கொண்டாள்.

வெளியே வந்து நடந்தபோது மாமா சொன்னார், "எனக்கு ஆசை வந்துடுச்சும்மா."

"வராம இருக்க நாம என்ன மரமா? எனக்கும் வந்துச்சு. ஒரு விரிப்பையே கோணலா விட்டேன், இவளைக் கேளுங்க. நம்ம ஆசையை வச்சுத்தானே அவன் பொழைக்கிறான்."

தம்பி பத்தடி பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அக்கா நின்று திரும்பினாள்.

"உன்னை நாலு போடணும்னுதான் இருக்கு. கை வலிக்குது. வந்து சாப்பிட்டுட்டுப் போ."

அன்று சாயங்காலம் துணி காயப்போடும் மொட்டைமாடியில் கட்டடமே கூடிவிட்டது. அக்கா முழுக் கதையையும் அந்தக் குரல்காரனின் தேனோடு நடித்துக் காட்டினாள். பஸ்ஸும் குலுக்கலில் சேர்ந்திருக்கிறது என்ற இடத்தில் குழந்தைகள் தரையில் உருண்டார்கள். கடைசியில் கேட்டாள்:

"சரி, உலகத்துல எனக்கு ஒருத்திக்குத்தான் விழுந்துச்சாம். இங்க வேற யாருக்காச்சும் விழுந்துச்சா?"

மருந்துக்கடைக்காரர் இருமினார். பிறகு மெதுவாகப் போனை எடுத்தார். ஐந்து கோடி, விரைந்து அவசரப்படவும். மூன்றாம் மாடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அம்மாவுக்கும் அதே வரி. இன்னொருவருக்குத் தொகை மட்டும் ஏழு கோடி. "உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு கோடி கூட?" என்று ஒரு சண்டையே வந்துவிட்டது, சிரிப்புச் சண்டை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் தையல்காரம்மா எழுந்து படியிறங்கிப் போனார். அக்கா அதைப் பார்த்தாள். பேச்சை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். நானும் பின்னால் போனேன்.

தரைத்தளத்து அறையில், பாதி தைத்த ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் அவர் அழுதுகொண்டிருந்தார். போன மாதமே ஒருமுறை கட்டிவிட்டாராம். இன்னொரு கட்டணம் பாக்கி என்று கேட்டிருக்கிறார்கள். அதற்காக மெஷினை விற்க ஆள் பார்த்திருந்தார்.

"ரெண்டாவது தடவை கேட்டப்ப எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கும் வந்திருக்குன்னு உங்க தம்பி சொன்னாரு. பரிசக்காவுக்கே வருதுன்னா நிஜமாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

 அக்கா அவர் அருகில் தரையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"இதுல வெக்கப்பட வேண்டியது அவன்தான், நீங்க இல்ல. மெஷின் எங்கயும் போகாது. காலைல என்கூட வாங்க."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் கூட்டிப்போனாள். போன பணத்தைத் தேடித் தருகிறோம், கொஞ்சம் முன்பணம் கட்டுங்கள் என்று அடுத்த வாரம் அவருக்கு இன்னொரு கடிதம் வந்தது. அதுவும் அதே கூட்டத்தின் வேலைதான் என்று இந்த முறை தையல்காரம்மாவே கண்டுபிடித்துவிட்டார், எங்களிடம் காட்டுவதற்கு முன்பே. அந்தக் கணக்கை முடக்கியதில், சில மாதம் கழித்து அவர் கட்டியதில் ஒரு பகுதி திரும்பிவந்தது. முழுசாக இல்லை. ஆனால் வந்த அன்று எங்கள் இருவருக்கும் பிடிவாதமாக ஆளுக்கொரு தலையணை உறை தைத்துக் கொடுத்தார்.

செய்தி ஓட்டல் நிர்வாகிகள் வரை போனது. பணியாளர்கள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து அக்காவைப் பேசச் சொன்னார்கள். வேறு யாராவது என்றால் கூச்சப்பட்டிருப்பார்கள். அவள் புதுச் சேலை கட்டி, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணப் பெண் மாதிரி நின்றாள்.

"நீங்க சேராத போட்டியில நீங்க ஜெயிக்க முடியாது. பரிசு வாங்கறவன் காசு குடுக்க வேண்டியதில்ல, ஒரு பைசாகூட. ரகசியமா வச்சுக்க, சீக்கிரம் கட்டுன்னு எவன் சொன்னாலும், அவன் உங்களை யோசிக்க விடாமத் துரத்தறான்னு அர்த்தம். பதில் போடாதீங்க, என்னை மாதிரி வம்பிழுக்கவும் வேண்டாம். வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. என் தம்பி தப்பு பண்ணினது அந்தக் கடிதத்தைப் படிச்சதுல இல்ல, என்கிட்ட மறைச்சதுலதான்."

தம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது கையை உயர்த்திக் காட்டினான், நான்தான் என்று. அவன் கடையில் இப்போது போனுக்குக் கண்ணாடி ஒட்ட வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதை இலவசம்.

பேச்சு முடிந்ததும் ஆட்கள் போனை நீட்டிக்கொண்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இது பொய், இதுவும் பொய், இது பச்சைப்பொய் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியாக, அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள்.

"இதையும் அழிச்சுடறேன் அக்கா. சும்மா காட்டிட்டு அழிக்கலாம்னு."

அக்கா படித்தாள். புருவம் உயர்ந்தது.

"இந்தக் கடைக்கு நீ ஏதாச்சும் எழுதிப் போட்டியா?"

"ஆமா. அங்கதான் சாமான் வாங்கறேன். பெட்டியில ஒரு சீட்டு எழுதிப் போடச் சொன்னாங்க. அவங்க கடையைப் பத்தி ஒரு வரி."

"என்ன எழுதின?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள், "பை நிறையும், பர்ஸ் குறையாது."

அக்கா வாயைப் பிளந்தாள். அப்படி ஒரு வரி தனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமை ஒரு கணம் அவள் முகத்தில் பளிச்சென்று தெரிந்து மறைந்தது. மறுபடி படித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. எந்தக் கட்டணமும் கேட்கவில்லை. கடைக்கு நேரில் வந்து, மேலாளரைப் பார்த்து வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தது. அக்கா இணைப்பு எதையும் தொடவில்லை. அந்தப் பெண் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கடை பில்லில் இருந்த நம்பருக்குத் தன் போனிலிருந்து அழைத்தாள். பேசினாள். "ஆமாங்களா? சரிங்க, சரிங்க" என்றாள்.

பிறகு போனை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள்.

"அடியேய், இது நிஜம்டி! உனக்கு ஃப்ரிட்ஜ் விழுந்திருக்கு!"

கூடமே எழுந்து நின்றது. அக்காவின் பேச்சுக்கு விழுந்ததைவிடப் பெரிய கைத்தட்டல். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். பரிசக்கா எங்கள் சலவை வண்டி ஓட்டுநரைத் தேடி வாசலைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தாள், அதை எடுத்துவர வண்டி வேண்டுமே என்று.